தண்டாலா, டம்பெல்ஸா?

பூமியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தண்டால் எடுக்க முடியாது. கையை ஊன்றி ஒரு முறை தள்ளினால் உடம்பு எதிர்ச்சுவர் வரை மிதந்து போய்விடும். இங்கே இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் இரும்புத் தட்டு அங்கே அந்தரத்தில் நிற்கும். தாங்கிப் பிடிக்க ஒரு விரல்கூடத் தேவையில்லை. உடம்புக்கும் எடை இல்லை, இரும்புக்கும் எடை இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஆறு மாதம் தங்குகிறவர்கள் தசையை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறார்கள்?

2008ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே ஒரு கருவி கொண்டுபோகப்பட்டது. அதன் முக்கியமான பாகம், காற்றை வெளியேற்றிய இரண்டு உருளைகள். நெம்புகோலை இழுக்கும்போது உருளைக்குள்ளிருக்கும் பிஸ்டன் வெளியே வர மறுக்கும். அந்த மறுப்பே எடை. அதிகபட்சமாக 272 கிலோவுக்கு நிகரான எதிர்ப்பைத் தரும்படி அதை அமைத்திருக்கிறார்கள். தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்து எழலாம், குனிந்து தூக்கலாம், மல்லாந்து தள்ளலாம். அதற்கு முன் அங்கிருந்த கருவியால் இதில் பாதியளவு எதிர்ப்பைத்தான் தர முடிந்தது. அந்தக் காலத்தில் போய் வந்தவர்கள், பயிற்சி செய்தும் எலும்பை இழந்து திரும்பினார்கள். புதிய கருவியோடு போதுமான உணவும் சேர்ந்தபிறகு எலும்பின் அடர்த்தி பெருமளவு காக்கப்பட்டது.

உடம்பையே எடையாக வைத்துப் பயிற்சி செய்வது சிறந்ததா, இரும்பு தூக்குவது சிறந்ததா என்று நம்மூர் ஜிம்களில் ஓயாமல் நடக்கும் வாக்குவாதத்துக்கு நடுவே இந்தக் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். ‘தண்டால், பஸ்கி எடுத்தால் உடம்பு இறுகும், ஏறாது’ என்பது ஒரு தரப்பு. ‘இரும்பில் ஏறிய உடம்பு விட்டால் தொங்கிவிடும், தண்டாலில் வந்ததுதான் நிலைக்கும்’ என்பது மறுதரப்பு. இரண்டையும் மாஸ்டர்கள் சொல்கிறார்கள், பையன்கள் நம்புகிறார்கள். வெற்றிடத்தை இழுத்தே தொடைத் தசையைக் காப்பாற்ற முடிகிறது என்றால், எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தசை கவனிப்பதில்லை என்றாகிறது. அப்படியானால் அது எதைக் கவனிக்கிறது?

தசை இழை சுருங்க முயலும்போது, எதிரே ஒரு பாரம் அதைத் தடுத்தால், இழையின் நெடுக இழுவிசை உண்டாகிறது. இழையின் சவ்விலும் உள்ளேயும் இருக்கும் சில புரதங்கள் அந்த இழுவிசையை உணர்ந்து, அதை வேதிச் செய்தியாக மாற்றுகின்றன. அந்தச் செய்தி போய்ச் சேரும் இடங்களில் முக்கியமானது ‘எம்டார்’ என்ற நொதி. புதிய புரதத்தைக் கட்டும் வேலையைத் தொடங்கிவைப்பது அது. இந்த நொதி கண்டுபிடிக்கப்பட்ட கதை, உடற்பயிற்சிக்குச் சற்றும் தொடர்பில்லாத இடத்தில் தொடங்குகிறது. 1964இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு பசிபிக் கடலின் நடுவே இருக்கும் ஈஸ்டர் தீவுக்குப் போய், அங்கிருந்து மண் மாதிரிகளை எடுத்து வந்தது. அந்த மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து, மான்ட்ரியாலில் வேலை செய்துகொண்டிருந்த இந்திய வம்சாவளி விஞ்ஞானி சுரேன் சேகலின் குழு 1970களில் ஒரு மருந்தைப் பிரித்தெடுத்தது. தீவின் உள்ளூர்ப் பெயரான ராப்பா நூயியை வைத்து அதற்கு ராப்பாமைசின் என்று பெயரிட்டார்கள். அந்த மருந்து உடம்பில் எதைத் தடுக்கிறது என்று தேடிப் போனவர்களுக்குத்தான் எம்டார் அகப்பட்டது. 2009இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சோதனை நடந்தது. தொண்டர்களுக்கு ராப்பாமைசினைக் கொடுத்து, பிறகு கால்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சிக்குப் பிறகு வழக்கமாக நடக்க வேண்டிய புரத உற்பத்தி உயர்வு நடக்கவில்லை. தசை வளர்ச்சியின் வாசல் எங்கே இருக்கிறது என்பதை மனித உடம்பிலேயே காட்டிய சோதனை இது.

ஆனால் எல்லா இழைகளுக்கும் இந்த இழுவிசை எப்போதும் கிடைப்பதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும். ஒரு தசையில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. ஒரு நரம்பணு சில இழைகளையோ சில நூறு இழைகளையோ சேர்த்து ஆள்கிறது. ஹார்வர்டில் பணியாற்றிய எல்வுட் ஹென்மன் 1957இல் ஒரு ஒழுங்கைக் கண்டுபிடித்து அறிவித்தார்: சிறிய நரம்பணுக்களே முதலில் வேலைக்கு வரும், தேவை கூடக்கூடத்தான் பெரியவை வரும். ஊர்த் தேர் சமதரையில் நகரும்போது முன்வரிசையில் நிற்பவர்களின் கை போதும். சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டால்தான் ஓரத்தில் வேடிக்கை பார்க்கும் பலசாலிகளும் வந்து வடம் பிடிப்பார்கள். வளரும் வாய்ப்பு அதிகமுள்ள தடித்த இழைகள், அந்தப் பெரிய நரம்பணுக்களின் கீழே இருப்பவை. அவற்றைக் கூப்பிட இரண்டு வழிகள் உண்டு. எடுத்த எடுப்பிலேயே பெரிய பாரத்தைக் கொடுக்கலாம். அல்லது சிறிய பாரத்தைக் கொடுத்து, முதலில் வந்த இழைகள் ஓயும் வரை திரும்பத் திரும்பச் செய்யலாம். ஓய்ந்தவற்றின் வேலையை ஏற்க, ஒதுங்கி நின்றவை வந்தே ஆக வேண்டும்.

இரண்டாம் வழி உண்மையிலேயே பலன் தருமா என்பதைக் கனடாவின் ஹாமில்டன் நகரிலுள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் பிலிப்ஸின் குழு சோதித்தது. 2012இல் வெளியான ஆய்வில் 18 இளைஞர்கள் பத்து வாரம் முழங்காலை நீட்டும் பயிற்சி செய்தார்கள். ஒருவர் ஒரே ஒரு முறை மட்டும் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையை நூறு என்று வைத்தால், சில கால்களுக்கு அதில் 80 சதவீதம், சில கால்களுக்கு வெறும் 30 சதவீதம். இரண்டிலும், இனி ஒரு முறைகூட முடியாது என்ற நிலை வரை போக வேண்டும் என்பது நிபந்தனை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, மூன்று செட் செய்த கால்களில் தொடைத் தசை ஏறக்குறைய ஒரே அளவு, 7 சதவீதத்தை ஒட்டி வளர்ந்திருந்தது. புதியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் வளரும் என்று ஒருவர் மறுக்கலாம். அதனால் 2016இல், ஏற்கெனவே பயிற்சியில் இருந்த 49 ஆண்களை வைத்துப் பன்னிரண்டு வாரம் மறுபடி பார்த்தார்கள். ஒரு குழு கனமான எடையில் 8 முதல் 12 முறை, மற்றது இலகுவான எடையில் 20 முதல் 25 முறை. தசையின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதற்கு ஒரு கீழெல்லையும் இருக்கிறது. பிரேசிலில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில் 20, 40, 60, 80 சதவீத எடைகளை ஒப்பிட்டார்கள். 40, 60, 80 மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தந்தன. 20 சதவீதத்தில் வளர்ச்சி ஏறத்தாழ பாதியாகிவிட்டது. அதாவது, பாரம் ஒரு அளவுக்கு மேல் குறைந்துவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டி அதை முழுக்க ஈடுகட்ட முடியாது. நூறு, இருநூறு என்று பஸ்கி எடுக்கும் ஒருவருடைய தொடை சில மாதங்களுக்குப் பிறகு அப்படியே நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். அவருடைய உடம்பு அவருடைய தொடைக்கு இலகுவான பாரமாகிவிட்டது. அதற்குப் பிறகு கூடுவது தாக்குப்பிடிக்கும் திறன். அதுவும் நல்லதே. ஆனால் தசையின் பருமன் வேறு கணக்கு.

இப்போது தண்டாலுக்கு வருவோம். வழக்கமான தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் சுமார் 64 சதவீதம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் விசைமானியில் அளந்திருக்கிறார்கள். 70 கிலோ உள்ளவருக்கு அது 45 கிலோ. முழங்காலை ஊன்றிச் செய்தால் 49 சதவீதமாகக் குறையும். கைகளை 60 சென்டிமீட்டர் உயரமுள்ள பெஞ்சில் வைத்தால் 41 சதவீதம். அதே பெஞ்சில் கால்களை வைத்துக் கைகளைத் தரையில் ஊன்றினால் 74 சதவீதம். ஒரே உடம்பு, ஒரே பெஞ்ச். கை எங்கே, கால் எங்கே என்பதை மாற்றினால் 29 கிலோவிலிருந்து 52 கிலோ வரை போய்வரலாம். ஆர்க்கிமிடீஸ் சொன்ன நெம்புகோல் விதியைத் தவிர இதில் வேறெதுவும் இல்லை.

ஜப்பானில் 2017இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதை நேரடியாகவே ஒப்பிட்டது. ஒரு குழு பெஞ்ச் பிரஸ். அதிகபட்சத்தில் 40 சதவீத எடை. மற்றக் குழு அதே அளவு பாரம் வரும்படி அமைத்த தண்டால். எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள். மார்புத் தசையும் மேற்கையின் பின்தசையும் இரு குழுவிலும் ஒரே மாதிரி தடித்தன. பதினெட்டுப் பேரை வைத்துச் செய்த ஆய்வுதான். அதை மட்டும் நம்பி முடிவுக்கு வர முடியாது. ஆனால் மெக்மாஸ்டர் ஆய்வுகளும் ஹென்மனின் விதியும் எதைச் சொல்கின்றனவோ அதையே இதுவும் சொல்கிறது. பாரம் சமமாக இருந்து, முயற்சியும் சமமாக இருந்தால், தசைக்கு இரண்டும் ஒன்று.

இதற்குக் கண்முன் நிற்கும் சாட்சி வேண்டுமென்றால் ஒலிம்பிக்கில் வளையப் போட்டி பாருங்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, சிலுவைபோல் அசையாமல் நிற்கும் வீரரின் தோள்மூட்டில் விழும் திருப்புவிசை, பெரும்பாலான ஜிம்களில் யாரும் தொடாத அளவு. அவர்களுடைய மேற்கையும் தோளும் பெருத்திருப்பதற்குப் பெரும்பகுதி காரணம், சொந்த உடம்பை எதிரியாக்கிப் பத்து, பதினைந்து ஆண்டுகள் படிப்படியாகச் செய்த பயிற்சி. விழுப்புரத்தில் இன்றும் சிறுவர் சிறுமியர் பழகும் மல்லர் கம்பமும் இதே வகைதான். செங்குத்தான மரத்தில் கால் பிடிப்பிலும் கைப்பிடிப்பிலும் உடம்பைத் தாங்கி நிறுத்துவது, வயிற்றுக்கும் முதுகுக்கும் தோளுக்கும் எந்த இயந்திரமும் எளிதில் தராத வேலை.

வளையப் போட்டி வீரர்கள் உயரம் குறைவாக இருப்பதும் தற்செயலல்ல. உயரம் 10 சதவீதம் கூடி, உடம்பின் விகிதம் மாறாமல் இருந்தால், தசையின் குறுக்குப்பரப்பு 21 சதவீதம் கூடும். எடையோ 33 சதவீதம் கூடிவிடும். பெரிய உடம்பு தன்னைத்தானே தூக்குவது கடினமாகிக்கொண்டே போகும். கலிலியோ 1638இலேயே விலங்குகளின் எலும்பை வைத்து இந்தக் கணக்கைச் சொல்லியிருக்கிறார். ஆறடி உயரத்தில் 95 கிலோ இருக்கும் ஒருவருக்குப் பாரில் தொங்கி ஒரு புல்லப் எடுக்க முடியவில்லை என்றால், அவர் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். அவர் தூக்க வேண்டியிருப்பது, பக்கத்தில் பத்து எடுக்கும் 55 கிலோ பையன் தூக்குவதைவிடப் பெரிய பாரம். உடல் எடைப் பயிற்சியின் முதல் குறை இங்கே தெரிகிறது: எடையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பருமனானவருக்குத் தொடக்கப் படியே எட்டாத உயரத்தில் இருக்கும். ஒல்லியானவருக்குக் கால் பயிற்சி சீக்கிரமே இலகுவாகிவிடும். டம்பெல்லில் ஐந்து கிலோவிலும் தொடங்கலாம், ஒவ்வொரு கிலோவாகவும் ஏறலாம்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. ஆனால் யாரும் அதிகம் பேசுவதில்லை. தரையைத் தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. தண்டாலும் பஸ்கியும் மட்டும் செய்கிறவருக்கு மார்பு, மேற்கையின் பின்பக்கம், தொடையின் முன்பக்கம் வளரும். முதுகுக்கும், மேற்கையின் முன்தசைக்கும், தொடையின் பின்பக்கத்துக்கும் வேலை குறைவு. கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கும் பனை ஏறியவர்களுக்கும் அந்த இழுப்பு வேலை பிழைப்பிலேயே கிடைத்தது. மோட்டாரும் குழாயும் வந்தபின் அது நம்மில் பெரும்பாலோருக்குப் போய்விட்டது. அதனால் உடம்பை மட்டும் நம்பிப் பயிற்சி செய்கிறவர் முதலில் தேட வேண்டியது தொங்குவதற்கு ஒரு பார். பூங்காவில் இருக்கும் இரும்புக் கம்பி போதும். உறுதியான மேசையின் அடியில் படுத்து, விளிம்பைப் பிடித்து மார்பை மேலே இழுப்பதும் நல்ல தொடக்கம்.

கால்களுக்கு மாற்று இல்லையா என்றால், இருக்கிறது. இரண்டு காலில் உட்கார்ந்து எழும் பாரத்தை ஒரே காலுக்குக் கொடுத்தால் பாரம் இரட்டிப்பாகிவிடும். ஒரு காலைப் பின்னே நாற்காலியில் வைத்து, முன்காலில் இறங்கி எழுவது பலருக்கு எட்டு முறையிலேயே தொடையை நடுங்க வைக்கும். முழங்காலில் நின்றபடி, குதிகாலை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடம்பை முன்னோக்கி மெல்ல மெல்லச் சாய்க்கும் ‘நார்டிக்’ பயிற்சியும் உண்டு. கால்பந்து போன்ற விளையாட்டுகளில் தொடையின் பின்தசை கிழிவதை இது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. இத்தனைக்கும் அதற்கு ஒரு பிளேட்கூடத் தேவையில்லை. ஆனால் ஒற்றைக்காலில் முழுக்க உட்கார்ந்து எழும் நிலைக்குப் போனபிறகு, பலரைத் தடுத்து நிறுத்துவது தசையின் பலவீனமல்ல, தடுமாற்றம். சமநிலைக்கே கவனம் போய்விட்டால் தசை தன் எல்லை வரை போகாது. பெரிய தொடையும் இடுப்பும் வேண்டுமென்றால் ஒரு கட்டத்தில் கையில் எடை பிடிக்கத்தான் வேண்டும் என்பது என் கணிப்பு.

எடைப் பயிற்சியின் உண்மையான பலம் இரும்பில் இல்லை, அளவில் இருக்கிறது. இதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் டிலோர்ம். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுக்கையில் கிடந்து, எடை தூக்கித் தன் உடம்பைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் சிகாகோவிலிருந்த ராணுவ மருத்துவமனையில் முழங்கால் அடிபட்ட வீரர்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கு அப்போது தரப்பட்டது இலகுவான பயிற்சி; தேற மாதக்கணக்கானது. டிலோர்ம் கனமான எடையைக் கொடுத்து, ஒவ்வொரு வாரமும் கூட்டினார். 1945இல் முடிவுகளை வெளியிட்டார். பிறகு ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து முறையைச் செப்பனிட்டார்: பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடிக்க வேண்டும், முதல் செட்டில் அதில் பாதி, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழுசு. இன்று உலகமெங்கும் ஜிம்களில் சொல்லும் ‘மூணு செட், பத்து கவுண்ட்’ அந்த மருத்துவமனையின் பிள்ளை. சென்ற வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு கூடியது என்று எழுதிவைக்கக்கூடிய ஒரு எண்ணை டிலோர்ம் கொடுத்தார். தண்டால் எடுப்பவர்களில் பெரும்பாலோர் அந்த எண்ணைக் குறித்துவைப்பதே இல்லை. நான் பார்த்தவரை, வீட்டுப் பயிற்சி பலன் தராமல் போவதற்குப் பெரிய காரணம் அதுதான்.

நம் பழைய பயில்வான்கள் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் என்று நினைப்பது தவறு. காமா பயில்வானைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அவர் எடுத்த ஆயிரக்கணக்கான தண்டாலையும் பஸ்கியையும் சொல்வார்கள். கழுத்தில் கல்வளையம் மாட்டிக்கொண்டு பஸ்கி எடுத்ததைச் சொல்லமாட்டார்கள். அவர் 1902இல் தூக்கியதாகச் சொல்லப்படும் பெருங்கல் பரோடாவில் இன்றும் காட்சிக்கு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோதாக்களிலும் தண்டாலுக்குப் பக்கத்தில் கர்லாக்கட்டை இருந்தது. தென்மாவட்டங்களில் பல ஊர்களின் மந்தையில் இன்றும் கிடக்கும் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போட்டவர்கள், வயலில் மூட்டை சுமந்தவர்கள். எடையும் உடம்பும் எதிரெதிர்க் கட்சி என்ற பிரிவினை சமீபத்தியது.

பருமனும் பலமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகளில் தசையின் அளவு சமமாக வளர்ந்தாலும், ஒரே முறையில் அதிகபட்ச எடையைத் தூக்கும் திறன், பெரும்பாலும் கனமான எடையில் பழகியவர்களுக்கே கூடுதலாக உயர்ந்தது. காரணம், பலத்தில் பாதி நரம்பின் வேலை. எந்த அசைவைப் பழகுகிறோமோ அதை மூளை கற்றுக்கொள்கிறது. வேலூரின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 149 கிலோவை ஒரே வீச்சில் தலைக்கு மேலே ஏற்றியதும், அடுத்து 179 கிலோவைத் தோளில் வாங்கித் தூக்கியதும், தண்டாலால் வரக்கூடியதல்ல. அதேபோல் அந்தப் பலத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் வளையத்தில் சிலுவை நிலையில் நின்றுவிடவும் முடியாது.

எலும்பு விஷயத்தில் கனமான எடைக்குத் தெளிவான மேன்மை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், மாதவிடாய் நின்ற, எலும்பின் அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்து எட்டு மாத ஆய்வு நடந்தது. எல்லோரும் 58 வயதைத் தாண்டியவர்கள். ஒரு குழு கண்காணிப்பின் கீழ் வாரத்துக்கு இரண்டு முறை அரை மணி நேரம், தங்கள் அதிகபட்சத்தில் 85 சதவீதத்துக்கும் மேலான எடையை ஐந்தைந்து முறையாகத் தூக்கியது; பாரிலிருந்து குதித்துத் தரையில் ஊன்றவும் செய்தது. மற்றக் குழு வீட்டில் இலகுவான பயிற்சி செய்தது. முதல் குழுவுக்கு இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. அறுபது வயது அம்மாவிடம் ‘கனத்தைத் தூக்காதே’ என்று அன்போடு சொல்லும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்றுநர் இல்லாமல் தானாகச் செய்யும் காரியமல்ல இது. ஆனால் வயதைக் காட்டித் தடுக்கிற காரியமும் அல்ல.

வயதைப் பற்றிச் சொல்ல இன்னும் தெளிவான சான்று 1990இல் பாஸ்டனிலிருந்து வந்தது. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி வயது 90 உள்ள பத்துப் பேருக்கு மரியா ஃபியடரோனும் சக மருத்துவர்களும் எட்டு வாரம் தொடைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முழுமையாக முடித்த ஒன்பது பேருக்குத் தொடையின் பலம் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. நடுத்தொடையின் தசைப்பரப்பு 9 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதிலும் தசை செய்தியைக் கேட்கிறது.

நமக்கு இது இன்னும் அவசரமான விஷயம். 2004இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் அருகருகே வெளியானது. ஒருவர் புணேவைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் இங்கிலாந்தின் ஜான் யுட்கின். இருவருக்கும் உயரத்துக்கும் எடைக்குமான விகிதக் குறியீடு ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்பில் தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்பதை யாக்னிக் தன் உடம்பையே சாட்சியாக வைத்துக் காட்டினார். சாப்பிட்ட சோற்றின் சர்க்கரையில் பெரும்பங்கை ரத்தத்திலிருந்து உறிஞ்சிக்கொள்வது தசை. அது குறைவாக இருந்தால் சர்க்கரை போய்த் தங்க இடமில்லை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னபோது, நடைப்பயிற்சியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நடை நல்லதுதான், ஆனால் அது தசையைப் பெரிதாக வளர்ப்பதில்லை.

தசையைக் கட்டப் புரதம் வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது. அதற்கு மேல் போனால் கூடுதல் வளர்ச்சி பெரிதாக இல்லை. 60 கிலோ உள்ளவருக்கு அது 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதை நினைத்தால், மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்று போகும் தட்டில் இந்த அளவு எட்டுவது கடினம் என்று புரியும். சுண்டல், பருப்பு, தயிர், மீன், சோயா, முட்டை என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று கணிசமாக இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

‘விட்டால் தொங்கிவிடும்’ என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிடலாம். தசை கொழுப்பாக மாறாது. அவை இரண்டும் வேறு வேறு செல்கள். பயிற்சியை நிறுத்தினால் தசை சுருங்கும், சாப்பாடு குறையாவிட்டால் கொழுப்பு சேரும். இது இரும்பில் வந்த தசைக்கும் தண்டாலில் வந்த தசைக்கும் ஒரே மாதிரி. பெற்றதைக் காப்பாற்ற, பெறுவதற்குச் செய்ததில் மூன்றில் ஒரு பங்கு பயிற்சியே இளைஞர்களுக்குப் போதும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. முதியவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

ஆகவே ஜிம்முக்குப் பணம் இல்லாத கல்லூரி மாணவர், தண்டாலையும் பாரையும் ஒற்றைக்கால் பஸ்கியையும் வைத்துக்கொண்டு முதல் ஓரிரு வருடம் தயங்காமல் வளரலாம். முடியாது என்ற நிலைக்கு இரண்டு மூன்று முறை முன்னால் வரை ஒவ்வொரு செட்டும் போக வேண்டும். இருபத்தைந்து, முப்பது முறை இலகுவாக வந்துவிட்டால் காலை உயர்த்தியோ, கையை மாற்றியோ, முதுகில் புத்தகப் பையை மாட்டியோ பாரத்தைக் கூட்ட வேண்டும். எவ்வளவு செய்தோம் என்பதை நோட்டில் எழுதிவைக்க வேண்டும். வசதி உள்ளவர் எடையோடு தொடங்கினால் பாரத்தை ஏற்றுவது எளிது, காலும் முதுகும் பின்தங்காது. தசையைப் பலப்படுத்தும் பயிற்சி வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் எல்லா வயதுப் பெரியவர்களுக்கும் சொல்லியிருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.

அறுபதைத் தாண்டிய ஒருவர் வீட்டிலேயே தொடங்க, சுவரோடு ஒட்டிவைத்த கையில்லாத நாற்காலி போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். எழுவது கடினமாக இருந்தால் இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டலாம். பத்தாவது முறையில் வேகம் தானாகக் குறைந்து தொடை கனத்தால் அளவு சரியாக இருக்கிறது. மூன்று செட்டும் பதினைந்து பதினைந்தாகச் சிரமமில்லாமல் வரத் தொடங்கியதும், ஒரு துணிப்பையில் ஒரு கிலோ அரிசியைப் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு எழ வேண்டும். அதுவும் எளிதானால் இன்னொரு கிலோ.